காபியைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு எந்தப் புத்தகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காபியைப் பற்றிப் படிக்க வேண்டும், என்ன வாங்கலாம் என்று கேட்டால் பத்துப் புத்தகப் பட்டியல் ஒன்று எங்கிருந்தாவது வந்து விழும். அதில் நாலு, கடை நடத்துபவர்களுக்காக எழுதப்பட்டவை. இரண்டு முழுக்க வேதியியல். ஒன்று தலையணை கனம். புதிதாக வருபவர் ஆர்வத்தில் மூன்றை வாங்கி, ஒன்றில் முப்பது பக்கம் படித்து, மூன்றையும் அலமாரியில் வைத்துவிடுவார். அதனால் இங்கே பட்டியல் போடவில்லை. உங்களுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதற்கு எது பொருந்தும், எதை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்குவேன். எது?

வீட்டில் நீங்களே காபி போடுபவர் என்றால், ஜேம்ஸ் ஹாஃப்மன் எழுதிய ‘ஹவ் டு மேக் த பெஸ்ட் காஃபி அட் ஹோம்’. 2022-இல் வந்தது. ஹாஃப்மன் 2007-இல் டோக்கியோவில் நடந்த உலக பரிஸ்டா (கடையில் காபி போடுபவர்) போட்டியில் வென்றவர். ஆனால் இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்க அது காரணம் இல்லை. போட்டியில் வென்றவர்கள் எழுதியவற்றில் படிக்கவே முடியாதவையும் உண்டு. இவர் எதையும் ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று கட்டளையாகச் சொல்லாமல், ஏன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். கொட்டை வாங்குவது, தண்ணீர், அரவை, சுவைப்பது, ஒவ்வொரு கருவியிலும் எப்படிப் போடுவது, கடைசியில் மெஷினில் அழுத்தம் கொடுத்து இறக்கும் எஸ்பிரெசோ என்று கோப்பையை மையமாக வைத்தே போகும்.

வீட்டில் போடுவதில் பெரிய ஈடுபாடு இல்லை, காபி எங்கிருந்து வருகிறது, பாக்கெட்டில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தால் போதும் என்றால், அதே ஹாஃப்மனின் ‘த வேர்ல்ட் அட்லஸ் ஆஃப் காஃபி’. இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கொஞ்சம் விஷயங்கள் இரண்டிலும் வரும்.

எல்லோரும் அட்லஸைத்தானே முதலில் சொல்கிறார்கள்?

சொல்வார்கள். அழகான புத்தகம், பெரிய அளவு, வரைபடங்கள், நல்ல படங்கள். முதல் பதிப்பு 2014, நாடுகள் சில சேர்ந்த இரண்டாம் பதிப்பு 2018. சிக்கல் புத்தகத்தில் இல்லை, நாவல் படிப்பதுபோல் முதல் பக்கத்தில் தொடங்குவதில்தான் இருக்கிறது. அட்லஸ் மூன்று பாகம். முதல் பாகம் செடி, பழம், வகைகள், பறித்தபின் பதப்படுத்துவது. இரண்டாவது, வறுப்பதில் தொடங்கிக் கோப்பை வரை. மூன்றாவதுதான் புத்தகத்தின் பெரும்பகுதி: ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா என்று நாடு நாடாக. அந்த மூன்றாம் பாகத்தை வரிசையாகப் படித்தால் பத்தாவது நாட்டில் கண் சொருகும். எந்த நாட்டில் எப்போது காபி வந்தது, அரசாங்க வாரியம் எப்போது கலைக்கப்பட்டது என்பதெல்லாம் தொடர்ந்து படிக்கும்போது ஒன்றோடொன்று குழம்பிப் போகும்.

வேறு மாதிரி படியுங்கள். கையில் ஒரு பாக்கெட் வரட்டும். அதில் ‘கென்யா, ஏஏ, வாஷ்டு, எஸ்எல்28’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கென்யா பக்கத்தைத் திறந்தால் ஏஏ, ஏபி என்பவை கொட்டையின் அளவைக் குறிக்கும் எழுத்துகள் என்று புரியும். பெரிய கொட்டை என்பது உண்மை, ஆனால் ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை. எஸ்எல்28 என்பது 1930-களில் அங்கிருந்த ஸ்காட் ஆய்வகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட வகை. அந்த ஆய்வகத்தின் பெயர்ச்சுருக்கம்தான் எஸ்எல். ‘வாஷ்டு’ என்றால் என்ன என்பதற்கு முதல் பாகத்துக்குத் திரும்ப வேண்டும்: பழத்தின் சதையை நீக்கி, கொட்டையில் ஒட்டியிருக்கும் வழவழப்பைப் புளிக்கவைத்துக் கழுவிக் காயவைப்பது. நாலு வார்த்தை, மூன்று இடம், கால் மணி நேரம். அப்புறம் அந்தக் காபியைக் குடிக்கும்போது நாக்கு கொஞ்சம் கவனமாக இருக்கும். அடுத்த பாக்கெட் எத்தியோப்பியா, ‘நேச்சுரல்’ என்று வந்தால் அங்கே போங்கள். இப்படியே போனால் ஒரு வருடத்தில் அட்லஸில் பாதி தெரிந்திருக்கும், மனப்பாடம் செய்ததுபோல் இல்லாமல்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, புத்தகம் எதற்கு?

கை வேலைக்கு வீடியோதான் சரி. தண்ணீரை எப்படி வட்டமாக ஊற்றுவது, பாலில் நுரை எப்படி எழுப்புவது என்பதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்வது வீண் சிரமம். ஹாஃப்மனையே பெரும்பாலானோர் அறிந்தது அவருடைய வீடியோக்கள் மூலம்தான். ஆனால் வீடியோ ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. ஒன்றில் அரவையை மாற்று என்பார்கள், இன்னொன்றில் தண்ணீரை மாற்று என்பார்கள், மூன்றாவதில் இந்தக் கருவியை வாங்கு என்பார்கள். எதை முதலில் மாற்ற வேண்டும் என்பது துண்டுகளைப் பார்த்தால் தெரியாது. அந்த வரிசையைப் புத்தகம் தருகிறது. தவிர, புத்தகம் அடுத்த கருவியை உங்களிடம் விற்கப் பார்ப்பதும் குறைவு.

ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை. படம் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஏதாவது?

அனெட் மோல்ட்வேர் எழுதிய ‘காஃபி அப்செஷன்’, 2014-இல் டீகே பதிப்பகம் வெளியிட்டது. டீகே புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு தெரியும்: பக்கத்துக்குப் பக்கம் படம், அம்புக்குறி, இரண்டு மூன்று வரிக் குறிப்பு. பிரெஞ்சு பிரஸ், ஏரோபிரஸ், சைஃபன் என்று ஒவ்வொரு கருவியும் படிப்படியாக. பின்பகுதியில் பானங்களின் செய்முறைகள். மோல்ட்வேர் 2007-இல் காபி சுவைப்போருக்கான உலகப் போட்டியில் வென்றவர், அடுத்த ஆண்டு ஹாஃப்மனுடன் சேர்ந்து ஒரு வறுவல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஆகவே விஷயம் தெரிந்தவர் எழுதியது, படப்புத்தகம் என்று குறைத்து நினைக்க வேண்டாம். குறை ஒன்று உண்டு: ‘ஏன்’ என்ற கேள்விக்கு அதில் இடம் குறைவு.

மற்ற புத்தகங்களிலும் நடை பயமுறுத்துவதாக இருக்காது. கலைச்சொற்கள் முப்பது நாற்பதுதான், அவையே திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்காகவே மேக்ஸ்வெல் கொலோனா-டேஷ்வுட் எழுதிய ‘த காஃபி டிக்‌ஷனரி’ இருக்கிறது. 2017-இல் வந்தது, அகரவரிசையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு விளக்கம். முதல் புத்தகத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், தனியாகப் படிக்க அல்ல.

தமிழில் இல்லையா?

காபி போடக் கற்றுத்தரும் புத்தகமாக நான் பரிந்துரைக்கும்படி ஒன்று இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற பெயர் அடிக்கடி அடிபடும். 2000-இல் வந்த அருமையான கட்டுரைத் தொகுப்பு, ஆனால் தலைப்பைப் பார்த்து முழுவதும் காபி என்று வாங்கிவிடாதீர்கள். காபியைப் பற்றியது அதில் ஒரு கட்டுரை. அதுவும் சமூக வரலாறு, செய்முறை இல்லை. அந்த ஒரு கட்டுரைக்காகவே வாங்கலாம் என்பது வேறு விஷயம்.

என்னிடம் மெஷின் எதுவும் இல்லை. எஸ்பிரெசோ பக்கமே போகாத புத்தகம் வேண்டும்.

ஜெசிகா ஈஸ்டோ எழுதிய ‘க்ராஃப்ட் காஃபி: எ மேனுவல்’, 2017. ஈஸ்டோ எழுத்துத் துறையைச் சேர்ந்தவர், வீட்டில் காபி போடுபவர். கடைக்காரரின் பார்வை இல்லாததே இதன் பலம். எஸ்பிரெசோவை ஓரமாக வைத்துவிட்டு, ஊற்றுவது, ஊறவைப்பது ஆகிய இரண்டு வழிகளிலும் கையால் போடும் முறைகளை எடுத்துக்கொள்கிறார். எந்தக் கருவி யாருக்குச் சரிப்படும், எதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வார். ஹாஃப்மனின் வீட்டுப் புத்தகத்தில் எஸ்பிரெசோவுக்குப் போகும் பக்கங்கள் உங்களுக்கு வீண் என்றால், அதற்குப் பதில் இதை வாங்குங்கள்.

‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ அத்தியாயம் வந்ததும் தலை சுற்றுகிறது. தாண்டிப் போகலாமா?

மற்ற எதை வேண்டுமானாலும் தாண்டுங்கள், இதைத் தாண்ட வேண்டாம். எல்லாப் புத்தகங்களுக்கும் அச்சாணி இதுதான். ஆனால் படித்துப் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். முதலில் ஒரு முறை நாக்கில் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

காகித வடிகட்டி வைத்து ஊற்றிப் போடும் ஏதாவது ஒரு கருவி எடுத்துக்கொள்ளுங்கள். 15 கிராம் தூள், 250 கிராம் சுடுதண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது கீழே இறங்குவதை ஒரே கோப்பையில் பிடிக்காமல் மூன்று கோப்பையில் பிடியுங்கள். முதல் பங்கு ஒன்றில், நிறம் இளகத் தொடங்கும் நடுப்பங்கு இன்னொன்றில், கடைசியில் வெளிறி இறங்குவது மூன்றாவதில். ஆறவிட்டு வரிசையாகக் குடித்துப் பாருங்கள். முதல் கோப்பை கெட்டியாக, முகம் சுளிக்கவைக்கும் புளிப்போடு, கொஞ்சம் உப்பு மாதிரிகூட இருக்கும். நடுக் கோப்பையில் இனிப்பு தெரியும், ஆனால் வீரியம் குறைவு. மூன்றாவது நீர்த்துப்போய், பழுப்பு வெந்நீரில் லேசான கசப்பு. இப்போது மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் கலந்து குடியுங்கள். தனித்தனியாகச் சகிக்க முடியாதவை சேர்ந்து நல்ல காபியாகிவிடும்.

இதைத்தான் அந்த அத்தியாயம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. எக்ஸ்ட்ராக்‌ஷன் என்பது தூளில் எத்தனை பங்கு தண்ணீருக்குள் இறங்கியது என்ற கணக்கு. வறுத்த காபியில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவீதத்துக்குள். தூளின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்பது 1950-களில் அமெரிக்காவில் ஏர்ல் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் செய்த வேலையிலிருந்து வந்த அளவுகோல். குறைவாக இறங்கினால் உங்கள் முதல் கோப்பை மாதிரிப் புளிக்கும். அளவுக்கு மேல் இறங்கினால் மூன்றாவது கோப்பையின் கசப்பும் வறட்சியும் தலைதூக்கும்.

எண்ணும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடலாம். நீங்கள் ஊற்றிய 250 கிராமில் கொஞ்சத்தைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். கோப்பையில் 220 கிராம் காபி சேர்ந்தது, அதில் கரைந்திருப்பது 1.3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 220-இல் 1.3 சதவீதம் என்றால் 2.86 கிராம். அதை 15 கிராம் தூளால் வகுத்தால் சுமார் 19 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. அந்த 1.3-ஐ அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி வேண்டும், உங்களுக்கு அது வேண்டாம். ஆனால் அடர்த்தியும் எக்ஸ்ட்ராக்‌ஷனும் வேறுவேறு என்பது இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிந்துவிடும். அடர்த்தி என்பது கோப்பையில் எவ்வளவு கரைந்திருக்கிறது, எக்ஸ்ட்ராக்‌ஷன் என்பது தூளிலிருந்து எவ்வளவு வந்தது. ‘ஸ்ட்ராங்காக இல்லை’ என்று சொல்லித் தூளைக் கூட்டுபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம் நைசான அரவைதான்.

படிக்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

கிராம் காட்டும் எடைக்கருவி, ஒரு அரவைக் கருவி. புத்தகங்கள் எல்லாம் எடையில்தான் பேசுகின்றன. கரண்டிக் கணக்கில் பின்பற்றினால் எது மாறியது என்றே தெரியாது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் அட்லஸோ வரலாற்றுப் புத்தகமோ படிக்கலாம், செய்முறைப் புத்தகம் காத்திருக்கட்டும்.

வரலாறு படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

இங்கேதான் நல்ல புத்தகங்கள் நிறைய, வழி தவறுவதும் சுலபம்.

சுருக்கமாக வேண்டும் என்றால் ஜோனதன் மோரிஸ் எழுதிய ‘காஃபி: எ குளோபல் ஹிஸ்டரி’. மோரிஸ் வரலாற்றுப் பேராசிரியர், ஆனால் சிறிய புத்தகம், படங்களும் உண்டு. இஸ்லாமிய உலகின் பானமாக இருந்தது, காலனிகளின் சரக்கானது, தொழிற்சாலைப் பொருளானது, உலகச் சந்தைப் பண்டமானது, கடைசியில் தரத்துக்காகத் தேடப்படும் ‘ஸ்பெஷாலிட்டி’ என்று பெயர் பெற்றது என ஐந்து கட்டமாகப் பிரித்துக் கொடுக்கிறார். இந்த எலும்புக்கூடு மனதில் இருந்தால் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரியும்.

விரிவாக வேண்டும் என்றால் மார்க் பெண்டர்கிராஸ்ட்டின் ‘அன்காமன் கிரவுண்ட்ஸ்’. 1999-இல் வந்தது, 2010-இல் திருத்திய பதிப்பு. தடித்த புத்தகம்தான், ஆனால் பத்திரிகையாளர் நடை, இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்கக் கம்பெனிகளின் விளம்பரச் சண்டைகள், பிரேசிலில் 1975-இல் அடித்த உறைபனி விலையை எங்கே கொண்டுபோனது, 1962-இல் கையெழுத்தான சர்வதேச காபி ஒப்பந்தத்தின், நாட்டுக்கு இவ்வளவு என்ற ஏற்றுமதிப் பங்கீடு 1989-இல் எப்படிச் சரிந்தது என்பதெல்லாம் இதில் நன்றாக விரியும். உலக வரலாறு என்ற எதிர்பார்ப்போடு எடுக்க வேண்டாம். அமெரிக்காவும் அதற்குக் காபி அனுப்பிய லத்தீன் அமெரிக்காவும்தான் இதன் களம். ஒப்பந்தம் பற்றிய பகுதிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். விவசாயிக்கு ஏன் இன்றைக்கும் விலை நிலையாக இல்லை என்பதன் பின்கதை அங்கேதான் இருக்கிறது.

வரலாறு என்றாலே கொட்டாவி வருபவர்களுக்கு டேவ் எக்கர்ஸின் ‘த மங்க் ஆஃப் மோக்கா’, 2018. மொக்தார் அல்கன்ஷாலி என்ற ஏமன் வம்சாவளி அமெரிக்க இளைஞர், தன் முன்னோர் நாட்டுக் காபியை மறுபடி உலகச் சந்தைக்குக் கொண்டுவரப் புறப்பட்ட உண்மைக் கதை. 2015-இல் போர் மூண்டபோது காபி மாதிரிகளோடு சிறு படகில் கடலைத் தாண்டித் தப்பிய பகுதி திகில் நாவல் வேகம். போகிற போக்கில் பதப்படுத்துதல், தரம் பிரித்தல், சுவைத்து மதிப்பெண் போடுதல் எல்லாம் காதில் விழுந்துவிடும். எதையும் வாங்கத் தயங்குபவருக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

அகஸ்டின் செட்ஜ்விக்கின் ‘காஃபிலேண்ட்’, 2020, நல்ல புத்தகம், ஆனால் இரண்டாம் சுற்றுக்கு. மான்செஸ்டரில் பிறந்து எல் சால்வடாருக்குப் போன ஜேம்ஸ் ஹில் என்பவர் எழுப்பிய தோட்டப் பேரரசையும், அங்கே பசியையே மேஸ்திரியாக வைத்து வேலை வாங்கிய விதத்தையும் சொல்கிறது. இதைப் படித்தபின் காபியைப் பற்றிய ரம்மியமான வர்ணனைகள் கொஞ்ச நாளைக்குப் பிடிக்காது.

ஆடு மேய்த்த கால்டி காபியைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே, எந்தப் புத்தகத்தில் அது விளக்கமாக இருக்கிறது?

ஏறக்குறைய எல்லாவற்றிலும். சிவந்த பழத்தைத் தின்ற ஆடுகள் குதித்தன, மேய்ப்பவரும் தின்று பார்த்தார் என்ற கதை. அதை விளக்கமாகத் தேடுவதைவிட, ஒரு புத்தகம் அதை எப்படிச் சொல்கிறது என்று கவனியுங்கள். புத்தகத்தை எடைபோட நல்ல உரைகல் அது. இந்தக் கதை முதலில் அச்சில் வந்தது 1671-இல், ரோமில் இருந்த அந்தோணி ஃபாஸ்டஸ் நைரோன் என்ற அறிஞரின் லத்தீன் நூலில். அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னால், 1550-களில், அல்-ஜசீரி அரபு மொழியில் காபியைப் பற்றி எழுதியபோது பேசுவது ஏமனின் சூஃபிகளைப் பற்றி. இரவு வழிபாட்டில் தூங்காமல் இருக்க அவர்கள் குடித்தார்கள் என்பதற்கு இருக்கும் ஆதாரம் ஆடுகளுக்கு இல்லை.

‘ஒரு கதை உண்டு’ என்று சொல்லிவிட்டு நகரும் ஆசிரியரை நம்பலாம். ‘கி.பி. 850-இல் கால்டி’ என்று வருடம் போட்டுத் தொடங்கும் புத்தகத்தை அப்படியே மூடி வைக்கலாம், மற்ற தகவல்களையும் அவர் சரிபார்த்திருக்க மாட்டார். இந்தத் தொடக்க காலத்தை ஆதாரத்தோடு படிக்க வேண்டும் என்றால் ரால்ஃப் ஹேட்டாக்ஸின் ‘காஃபி அண்ட் காஃபிஹவுசஸ்’, 1985. ஆய்வு நூல், பொறுமை தேவை.

இலவசமாகக் கிடைக்கும் பழைய புத்தகங்களைப் படிக்கலாமா?

வில்லியம் யூக்கர்ஸின் ‘ஆல் அபவுட் காஃபி’ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1922-இல் வந்தது, காப்புரிமை முடிந்து புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழுவதுமாக இருக்கிறது. தேநீர், காபி வணிகத்துக்கான பத்திரிகையை நடத்தியவர், பதினேழு வருடமாகச் சேர்த்த சரக்கு என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். லண்டன் காபிக்கடைகள், பழைய வடிகட்டிகளின் படங்கள், கவிதைகள், காலவரிசை, வியாபாரப் புள்ளிவிவரம் என்று எதையும் விடவில்லை. எங்கே வேண்டுமானாலும் திறந்து பத்துப் பக்கம் படிக்கலாம், சுகமாக இருக்கும்.

ஆனால் அதைப் பார்த்துக் காபி போடாதீர்கள். என் கணக்கு இது: வரலாற்றுக்குப் பழைய புத்தகம் ருசி, செய்முறைக்குக் கடந்த பதினைந்து வருடத்தில் வந்தது மட்டும். யூக்கர்ஸின் வரலாற்றையும் மோரிஸ் மாதிரி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. கேட்ட கதையையெல்லாம் அவர் சேர்த்துக்கொள்வார்.

பழைய செய்முறைப் புத்தகங்களில் அப்படி என்ன தவறு?

சில விஷயங்கள் தலைகீழாக மாறிவிட்டன. கொட்டையை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது என்று அடித்துச் சொன்ன காலம் உண்டு. காற்றுப் புகாமல் சிறு பொட்டலங்களாகப் பிரித்து வைத்தால் நன்றாகவே தாங்குகிறது என்பது இப்போதைய நிலை. குளிர்ந்த கொட்டை அரைபடும்போது துகள்கள் இன்னும் சீராக விழுகின்றன என்று 2016-இல் ஆய்வுக்கட்டுரையே வந்தது. அகராதி எழுதிய கொலோனா-டேஷ்வுட் அதில் ஒரு ஆசிரியர்.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று வரைபடம் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும். காபியின் இரண்டு முக்கிய இனங்களான அரபிகா, ரோபஸ்டாவில், ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதும் பழைய பழக்கம். அதில் காஃபின் அரபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் தூக்கல், அது உண்மை. ஆனால் அரபிகாவே ரோபஸ்டாவின் இனமும் யூஜினியாய்டிஸ் என்ற இன்னொரு காட்டினமும் கலந்து பிறந்ததுதான். ஒழுங்காக வளர்த்துப் பதப்படுத்திய ரோபஸ்டாவைத் தேடிக் குடிப்பவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள்.

காபியின் வாசனை, ருசிப் பெயர்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் சுவைச் சக்கரமும் மாறிவிட்டது. 1995-இல் வந்த பழைய சக்கரத்துக்குப் பதில் 2016-இல் புதிது வந்தது. காபிக்கு மதிப்பெண் போடும் முறையை ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் 2023-இலிருந்து மாற்றத் தொடங்கியிருக்கிறது. நூறு மதிப்பெண் அட்டவணையை வரிவரியாக விளக்கும் புத்தகம் வைத்திருந்தால் பழைய முறை என்று தெரிந்து படியுங்கள்.

பாக்கெட்டில் ‘மல்லிகை, ஆரஞ்சுத் தோல்’ என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதற்குப் புத்தகம் உண்டா?

புத்தகத்தைவிட நல்ல இலவச ஆவணம் உண்டு. வேர்ல்ட் காஃபி ரிசர்ச் அமைப்பு வெளியிட்டிருக்கும் ‘சென்சரி லெக்சிகன்’. காபியில் வரும் 110 வாசனை, ருசிகளுக்குப் பெயர் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதை முகர்ந்து பார்க்க வேண்டும், அதன் வீரியம் 15-க்கு எத்தனை என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகளுக்காக எழுதியது. முழுக்கப் படிக்க அவசியமில்லை, ‘மல்லிகை’ என்று வந்தால் அந்த வரியை மட்டும் பாருங்கள்.

அதைவிடப் பலன் தருவது, இரண்டு காபியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது. ஒன்றை மட்டும் குடித்தால் ‘காபி’ என்றுதான் நாக்கு சொல்லும். இரண்டு வந்துவிட்டால் எது அதிகப் புளிப்பு, எது கனம், எது சீக்கிரம் மறைகிறது என்று தானாகவே ஒப்பிட ஆரம்பிக்கும். மல்லிகை தெரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது. இதே அமைப்பின் காபி வகைகள் பட்டியலும் இணையத்தில் இலவசம், அட்லஸ் படிப்பவர்களுக்கு நல்ல துணை.

ஸ்காட் ராவ் புத்தகங்களை எல்லோரும் புகழ்கிறார்களே?

புகழத் தகுந்தவைதான், உங்களுக்கு இப்போது இல்லை. 2008-இல் வந்த ‘த புரொஃபஷனல் பரிஸ்டாஸ் ஹேண்ட்புக்’ கடையில் எஸ்பிரெசோ மெஷினுக்கு முன்னால் நிற்பவருக்கு எழுதியது. 2014-இன் ‘த காஃபி ரோஸ்டர்ஸ் கம்பானியன்’ வறுப்பவருக்கு. வீட்டில் வாணலியில் வறுத்துப் பார்க்கும் கட்டத்தில் அதை எடுத்தால் வரைபடங்களைப் பார்த்துச் சோர்ந்துபோவீர்கள். 2010-இல் வந்த ‘எவ்ரிதிங் பட் எஸ்பிரெசோ’ ஒன்றுதான் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெருக்கம். பரிஸ்டா வேலையில் சேரப்போகிறீர்கள் என்றால் பேச்சு வேறு, 2008 புத்தகத்தை இன்றைக்கே வாங்குங்கள்.

நான் அறிவியல் படித்தவன். நேராக அந்தப் பக்கம் போகலாமா?

போகலாம். வானியற்பியலாளர் ஜோனதன் கான்யே எழுதிய ‘த ஃபிசிக்ஸ் ஆஃப் ஃபில்டர் காஃபி’ உங்களுக்கு விருந்து. தூள் படுகைக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதைச் சமன்பாடுகளோடு எழுதியிருக்கிறார். தண்ணீரின் தாது உப்புகள் ருசியை என்ன செய்கின்றன என்று அறிய 2015-இல் வந்த ‘வாட்டர் ஃபார் காஃபி’, கொலோனா-டேஷ்வுட்டும் வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் எழுதியது. எஸ்பிரெசோவின் வேதியியலுக்கு ஆண்ட்ரியா இல்லியும் வியானியும் தொகுத்த நூல். மூன்றுக்கும் முன்னால் அந்த மூன்று கோப்பைச் சோதனையைச் செய்துவிட்டுப் போங்கள்.

காபி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று சொல்லும் புத்தகம்?

இரண்டு பக்கமும் மிகைப்படுத்தும் புத்தகங்கள்தான் அதிகம். முரே கார்ப்பெண்டரின் ‘காஃபினேட்டட்’, 2014, காஃபினைப் பற்றி நிதானமாகப் பேசும் பத்திரிகையாளர் எழுத்து. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை கவலையில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. அதற்கு மேல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், காபிப் புத்தகத்திடம் கேட்காதீர்கள்.

அச்சுப் பிரதியா, மின்நூலா?

அட்லஸும் மோல்ட்வேரும் அச்சில்தான். வரைபடத்தைச் சிறு திரையில் பார்த்துப் பயனில்லை. வரலாற்றுப் புத்தகங்கள் எதில் படித்தாலும் ஒன்றுதான். பழைய பிரதி வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள், அட்லஸில் 2018-க்கு முந்தையது வேண்டாம். நூலகத்தில் கிடைத்தால் முதலில் அங்கே புரட்டிவிட்டு வாங்குவது உத்தமம்.

காபிப் பிரியர் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க எது?

அட்லஸ் கொடுக்கத் தோன்றும், ஆனால் காபிப் பிரியர் என்று பெயர் எடுத்தவரிடம் அது ஏற்கெனவே இரண்டு பிரதி இருக்கும், இரண்டும் பரிசாக வந்தவையாகவே இருக்கும். ‘த மங்க் ஆஃப் மோக்கா’ பாதுகாப்பான தேர்வு, புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களும் முடித்துவிடுவார்கள். கூடவே புதிதாக வறுத்த கொட்டை ஒரு பாக்கெட் வைத்துக் கொடுங்கள், ஏமன் காபி கிடைத்தால் இன்னும் விசேஷம். அவரிடம் அரவைக் கருவி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.